ஏட்டய்யா பார்க்க மறுத்த நாடகம்

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டியில் நாங்கள் குடியிருந்த தெருவில் டி.வி. இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். என் கணவர் ரோலிங் மில்லில் எலெக்ட்ரீஷியன். மெட்ராஸில் அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் வடக்கே மாற்றலாகிப் போகும்போது விற்ற பழைய பெட்டி அது. மரச்சட்டம், இழுத்து மூடும் கதவு, நான்கு கால். மில்லில் கழித்துப் போட்ட குழாய்களைப் பற்றவைத்து, மொட்டை மாடியில் தென்னை உயரத்துக்குக் கம்பம் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டினார். அப்படியும் காற்றடித்தால் படம் புள்ளி புள்ளியாகச் சிதறும். அவர் மாடியேறிக் குழாயைத் திருப்புவார். நான் கீழே நின்று "வந்துடுச்சு, போயிடுச்சு" என்று குரல் கொடுப்பேன்.

வெள்ளிக்கிழமை பாட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை படத்துக்கும் தெருவே வந்துவிடும். வியாழக்கிழமை போலீஸ் நாடகத்துக்கு வருபவர்கள் குறைவு. ஆனால் தவறாமல் வருவார்கள். வாரத்துக்கு ஒரு வழக்கு, நேர்மையான ஓர் இன்ஸ்பெக்டர், கடைசியில் திருடன் பிடிபடுவான். கொலை என்றாலும் ரத்தம் காட்டமாட்டார்கள். கட்டிலிலிருந்து ஒரு கை தொங்கும், அவ்வளவுதான்.

அந்த நாடகத்தைக் குடும்பத்தோடு பார்க்கலாமா என்று முதலில் கேட்டவர் என் நாத்தனார். திருவள்ளூரில் கோயில் குளத்தை ஒட்டிய தெருவில் வாழ்ந்து, கணவர் போனபின் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவர். சிகரெட்டும் சீசாவும் அவருக்கு ஆகாது. திரையில் யாராவது கிளாஸைக் கையில் எடுத்தால் உடனே எழுந்து போய், பெட்டியின் மேல் விரித்திருந்த துணியைச் சரிசெய்வதுபோல் படத்தை மறைத்து நின்றுகொள்வார். கிளாஸ் கீழே வைக்கப்பட்ட சத்தம் கேட்ட பிறகுதான் நகர்வார். ஆனால் கொலை நடந்தால் அசையாமல் உட்கார்ந்து பார்ப்பார்.

இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த ஏட்டய்யாவுக்கு இந்த மாதிரிக் கவலையெல்லாம் இல்லை. எங்கள் ஊர் ஸ்டேஷனில் ஹெட் கான்ஸ்டபிள். கனத்த உடம்பு, மெல்லிய குரல். வியாழக்கிழமை டூட்டி இல்லையென்றால் லுங்கியும் பனியனுமாக மனைவியோடும் மகளோடும் வந்துவிடுவார். வீட்டிலிருந்த ஒரே கை வைத்த நாற்காலியை அவருக்குப் போடுவோம். மகள் அவர் காலடியில் உட்கார்ந்து முட்டியில் தலை சாய்த்துக்கொள்வாள். நான் டீச்சராக இருந்த ஒன்றியப் பள்ளியில் என் நாலாம் வகுப்பில் படித்தவள். கேள்வி கேட்காமல் இருக்கத் தெரியாத பெண். நாடகத்து இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தவறாக வைத்தாலோ, சல்யூட்டைக் கோணலாக அடித்தாலோ ஏட்டய்யா உடம்பு குலுங்கச் சிரிப்பார். எது தப்பு என்று மகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளை என்ற பெருமை அவள் முகத்தில் தெரியும். ஏட்டய்யாவின் மனைவி அதிகம் பேசமாட்டார். முந்தானையில் முடிந்த வெற்றிலையைக்கூட நாடகம் முடிந்தபிறகுதான் எடுத்துப் போடுவார்.

ஒரு வியாழக்கிழமை புதிதாக இன்னொருவன் வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். மில்லில் தினக்கூலியாகச் சேர்ந்திருக்கிறான், எளாவூர்ப் பக்கம் ஊர், அவனாகத்தான் வந்து நாடகம் பார்க்கட்டுமா என்று கேட்டான், நானும் சரி என்றேன் என்று என் கணவர் சொன்னார். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் ஊருக்குப் போகிறவன், நாடகத்துக்காக ஏன் காத்துக் கிடக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. என் கணவர் யாரையும் சந்தேகப்படமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் சந்தேகப்படுவது எங்கள் வீட்டு வழக்கம்.

வந்தவன் கதவோரச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். அடுத்த வாரமும் அதே இடம். அதற்கு அடுத்த வாரம்தான் கவனித்தேன்: அவன் டி.வி.யைப் பார்க்கவே இல்லை. விளக்கை அணைத்துவிட்டுத்தான் படம் பார்ப்போம். திரையின் வெளிச்சம் எல்லோர் முகத்திலும் விழும். எல்லோர் கண்ணும் முன்னால் இருக்க, அவன் கண் மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. நான் அவன் பார்வை போன திசையில் பார்த்தேன். அங்கே ஏட்டய்யாவின் மனைவி உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அவருடைய இரட்டைவடச் சங்கிலி.

மறுநாளே அதைக் கணவரிடம் சொன்னேன். போலீஸ்காரர் பெண்டாட்டி சங்கிலியையா திருட வருவான், அதுவும் போலீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்று சிரித்தார். எனக்கு அது பதிலாகப் படவில்லை. அடுத்த வாரம் பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, நாடகத்தை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பார்த்தது சங்கிலியை இல்லை. அதைத் தாண்டி, நாற்காலியில் இருந்த ஏட்டய்யாவை.

அதன் பிறகு ஏட்டய்யாவிடமும் மாற்றம் தெரிய ஆரம்பித்தது. நாற்காலியைச் சன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். காற்று வருகிறது என்றார். காற்றே இல்லாத நாள் அது. சல்யூட் கோணலாக இருந்தபோது சிரிக்கவில்லை. மகள் முட்டியைத் தட்டி, "நைனா, தொப்பிய பாரு, தப்பா வெச்சிக்கினு இருக்கான்" என்றபோது கூட உம் என்று மட்டும் சொன்னார். இரண்டு ஆண்களின் கண்ணும் சந்தித்துக்கொள்ளவே இல்லை. ஒரே அறையில் இருக்கும் இருவர் கண் சந்திக்காமல் அவ்வளவு கவனமாக இருக்கிறார்கள் என்றால் அவர்களுக்குள் ஏதோ இருக்கிறது. யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் தெரியவில்லை.

அந்த வார நாடகத்தில் ஒரு பணக்கார வீட்டில் முத்துமாலை காணாமல் போனது. சமையல்காரர்மேல் சந்தேகம். ஸ்டேஷனில் அவரைக் கேள்விமேல் கேள்வி கேட்கிறார்கள். தெரியாது என்று அழுகிறார். இரண்டு கான்ஸ்டபிள்கள் அவரை உள்ளறைக்கு இழுத்துப் போகிறார்கள். கதவு மூடுகிறது. உள்ளே இருந்து அலறல் வருகிறது. கதவு திறக்கும்போது நெற்றியில் சின்னக் கட்டோடு வெளியே வருகிறார். மாலையை எடுத்தது வீட்டு மருமகன் என்று பிறகு தெரிகிறது. இன்ஸ்பெக்டர் சமையல்காரரின் தோளில் தட்டிக் காபி வாங்கித் தருகிறார். எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அந்தப் பெண் கேட்டாள்.

"நைனா, நீயும் இப்பிடி அடிப்பியா?"

ஏட்டய்யா அவள் தலையைத் தடவினார். "அதெல்லாம் நாடகம்மா. நெசத்துல யாரும் அப்பிடி அடிக்க மாட்டாங்க."

கதவோரத்திலிருந்து குரல் வந்தது. இத்தனை வாரமாக எங்கள் வீட்டில் அவன் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை.

"நைனா சொல்றது சரிதான் பாப்பா. அப்பிடி அடிக்க மாட்டாங்க."

'அப்பிடி' என்பதைக் கொஞ்சம் நிறுத்திச் சொன்னான். பெண் திருப்தியாகத் தலையாட்டினாள். என் கணவர் விளக்கைப் போட எழுந்துபோனார். நாத்தனார் பெட்டியின் கதவை இழுத்து மூடினார். அந்தச் சொல்லை வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. விளக்கு எரிந்தபோது ஏட்டய்யாவின் முகத்தைப் பார்த்தேன், வேர்த்திருந்தது. பிறகு அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவர் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் ஏட்டய்யா வந்தார். யூனிபார்மில் இருந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. என் கணவரிடம்தான் பேசினார்.

அந்த நாடகம் குடும்பத்தோடு பார்க்கிற மாதிரி இல்லை என்றார். அடிதடி, அலறல், பொண்ணு தூக்கத்தில் பேசுகிறாள், படிக்கிற பிள்ளைகள் மனசு கெட்டுப்போகும், தெருவில் நாலு பேருக்கு நல்லது சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கிறீர்கள், வியாழக்கிழமை மட்டும் பெட்டியைப் போடாதீர்கள். நாத்தனாருக்கு ஒரே சந்தோஷம். முதல் நாளிலிருந்தே நான் சொல்கிறேன், அந்தக் கிளாஸும் சிகரெட்டும் என்று ஆரம்பித்தார். ஏட்டய்யா அவரைப் பார்த்து ஆமாம் என்றார். ஆனால் அவர் கிளாஸைப் பற்றியோ சிகரெட்டைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "கொலை வந்தப்பல்லாம் சிரிச்சிக்கினு பாத்தீங்களே, நேத்து இன்னா அப்பிடி வந்துடுச்சு?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பிறகு குரலைத் தணித்து என் கணவரிடம் சொன்னார்: "கண்ட கண்ட ஆளுங்கள ஊட்டுக்குள்ள உடாதீங்க சார். கதவாண்ட குந்திக்கினு இருக்கானே, அவன் மேல கேஸு இருந்துச்சு. காப்பர் ஒயர் திருட்டு. வயசுப் பொம்பளைங்க இருக்கிற ஊடு, சொல்லிட்டேன்."

அவர் போனபிறகு என் கணவர் குழம்பிப் போய் உட்கார்ந்திருந்தார். அவனை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று என்னையே கேட்டார். நான்தானே முதலில் சந்தேகப்பட்டவள். இப்போது போலீஸே சொல்லிவிட்டது. ஆனால் எனக்கு ஒன்று இடித்தது. அவன் திருடன் என்றால் ஏட்டய்யா முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். திருடனைப் பார்த்துப் போலீஸ்காரர் ஏன் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்கிறார்?

அந்த வாரமே ரயில்வே கேட்டில் அவனைப் பார்த்தேன். சரக்கு ரயிலுக்காகக் கேட் சாத்தியிருந்தது. நான் பள்ளி முடிந்து வந்துகொண்டிருந்தேன். அவன் சைக்கிளைப் பிடித்து நின்றிருந்தான். பக்கத்தில் போய் நேராகவே கேட்டேன். ஏட்டய்யாவை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள், உங்கள் மேல் கேஸ் இருந்ததாமே என்று.

கோபப்படுவான் என்று நினைத்தேன். யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தவன்போலச் சொல்ல ஆரம்பித்தான். முன்பு தொழிற்பேட்டையில் ஒரு ஒயர் கம்பெனியில் அவனுக்கு வேலை. அப்பா காலம் வரை நிலத்துக் கூலி. அவர்கள் வீட்டில் கம்பெனிக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் இவன்தான். ஒருநாள் ஒரு சுருள் செம்புக் கம்பி காணவில்லை. கடைசியாக ஷிப்டை விட்டு வெளியே வந்தவன் இவன் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். ஏட்டய்யாவின் ஸ்டேஷனில் உள்ளே வைத்திருந்தார்கள். கேட்டார்கள். ஆந்திரா பார்டர் செக்போஸ்டில் ஒரு லாரியில் அந்தக் கம்பி அகப்பட்டது. அனுப்பியவன் கம்பெனி வாட்ச்மேன். இவனை விட்டுவிட்டார்கள். போ என்று மட்டும் சொன்னார்கள். ஸ்டேஷன் போனவனைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

வலது கையை விரித்துக் காட்டினான். நடு இரண்டு விரல்களும் பாதிக்குமேல் மடங்கவில்லை. மெஷினில் மாட்டினாலும் விரல் இப்படி ஆகும் என்று ஒரு நொடி நினைத்தேன். அவன் என் முகத்தைப் படித்துவிட்டானோ என்னவோ, கையை இழுத்துக்கொண்டான்.

"மொத நாளு நாடகம் பாக்கத்தான் டீச்சர் வந்தேன்," என்றான். "சத்தியமா அவரு அங்க இருப்பாருன்னு தெரியாது. பனியன போட்டுக்கினு, பொண்ண காலாண்ட வெச்சிக்கினு சிரிக்கிறாரு. நான் அந்தாள சிரிச்சுப் பாத்ததே இல்ல. அது இன்னா சிரிப்புன்னு பாக்கத்தான் மறுவாரம் வந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அவரு என்ன பாத்துட்டாரு. சிரிப்பு நின்னு போச்சு."

"இப்ப இன்னா பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் இல்ல டீச்சர். குந்தி இருப்பேன். அவ்ளோதான்."

ரயில் போனது. கேட்டைத் தூக்கினார்கள். அவன் இடது கையால் மட்டும் பிரேக்கைப் பிடித்துத் தண்டவாளத்தைக் கடந்துபோனான். ஒன்றும் செய்யமாட்டேன் என்கிறவனை எந்த அளவுக்கு நம்புவது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அந்தப் பெண் ஒவ்வொரு வாரமும் அவனுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு மாடியேறி ஆன்டெனாக் குழாயை இறுக்கிவிட்டு வந்தார். பிறகு, வியாழக்கிழமை பெட்டியைப் போடலாம், கதவும் திறந்தே இருக்கட்டும், வருகிறவர்கள் வரட்டும் என்றார். அந்த மனுஷர் சந்தேகப்படாமல் ஒரு முடிவெடுத்தால் அதை மாற்ற முடியாது.

வியாழக்கிழமை அவன் வந்தான். அதே சுவரோரம். ஏட்டய்யா வரவில்லை, மனைவியும் வரவில்லை. நாற்காலி காலியாகக் கிடந்தது. நாடகம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் மட்டும் ஓடிவந்தாள். வீட்டில் போகக்கூடாது என்று சொன்னதை மீறி வந்திருக்கிறாள் என்பது மூச்சு வாங்குவதிலேயே தெரிந்தது. நேராகப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்துபோய் அவளுக்கு அடுத்து நானும் உட்கார்ந்துகொண்டேன். அவன் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து வேர்க்கடலையை அவளிடம் நீட்டினான். அவள் கடலையை எடுக்கும்போது அவன் கையைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா ஆச்சு அண்ணா, வெரலுக்கு?"

அவன் பொட்டலத்தை இடது கைக்கு மாற்றினான். அப்போது வாசலில் நிழல் விழுந்தது. மகளைத் தேடிக்கொண்டு ஏட்டய்யாவும் அவர் மனைவியும் வந்து நின்றிருந்தார்கள். அவள் கேள்வி அவர்கள் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

"அடிபட்டுடுச்சு பாப்பா," என்றான் அவன். அவ்வளவுதான் சொன்னான். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏட்டய்யா மகளை அழைத்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் உள்ளே வந்தார். என் கணவர் நாற்காலியைக் காட்டினார். அவர் அதில் உட்காராமல் எதிர்ச்சுவரோரம் தரையில், கனத்த உடம்பைச் சிரமப்பட்டு மடக்கி உட்கார்ந்தார். அவர் மனைவி வாசலிலேயே நின்றார். அன்றைக்கு நாடகத்தில் என்ன வழக்கு, யார் பிடிபட்டார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

முடிந்ததும் அவன் முதலில் எழுந்துபோனான். பின்னாலேயே ஏட்டய்யா போனார். எனக்குப் பயம். கணவரை அவர்கள் பின்னால் அனுப்பினேன். அவர் திரும்பிவந்து சொன்னது இதுதான்: தெருமுனையில் சைக்கிளை நிறுத்தி இருவரும் நின்றார்கள். ஏட்டய்யா என்னவோ தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். வைத்தியம், மெட்ராஸ், பெரிய ஆஸ்பத்திரி என்று இரண்டொரு சொல் காதில் விழுந்தது. அவன் கேட்டுக்கொண்டே நின்று, கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னான்: "எனக்கு ஒண்ணும் வாணாம் ஏட்டய்யா. ஒம் பொண்ணு கேட்டா பாரு, அதுக்குப் பதில் சொல்லு."

சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். அதன் பிறகு அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. என் கணவர் மில்லில் பார்த்தால் பேசுவார். அடுத்த வருஷம் வேறொரு கம்பெனியில் நிரந்தரமாகவே சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டோம்.

ஏட்டய்யா மகளுக்குப் பதில் சொன்னாரா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. வகுப்பில் அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன். சில நாள் யாரோடும் விளையாடாமல் இருந்தாள். ஒரு மதியம் மற்ற பிள்ளைகள் சாப்பிடப் போனபிறகு என் மேசையருகில் வந்து நின்றாள். நான் கேட்கவில்லை. அவளாகவே, வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்: "எங்க நைனா அடிச்சிருக்காராம் டீச்சர். அந்த அண்ணாவ. அந்த அண்ணா திருடலையாம்." என்னிடமிருந்து ஏதோ எதிர்பார்த்தாள். நான் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து என் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

வியாழக்கிழமைகளில் ஏட்டய்யாவின் மனைவியும் மகளும் மறுபடி வர ஆரம்பித்தார்கள். அவர் வரவில்லை, டூட்டி என்றார்கள். சில மாதங்களில் அந்த நாடகமும் நின்று, அந்த நேரத்துக்கு விவசாய நிகழ்ச்சி ஒன்று வந்தது. நாத்தனாருக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

மறுவருஷம் ஏட்டய்யாவுக்கு ஊத்துக்கோட்டைப் பக்கம் மாற்றலானது. லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி சொல்லிக்கொண்டு போக வந்தார். அடுப்படியில் நின்றுகொண்டே காபி குடித்தார். எனக்கு அப்போதும் சந்தேகம் தீரவில்லை. அந்தப் பெண்ணிடம் அவர் முழுக்கச் சொன்னாரா, அவன் ஒருவனைப் பற்றி மட்டும் சொன்னாரா என்று கேட்டேன்.

"தெரியாது டீச்சர்," என்றார். "கல்யாணமாயி பதிமூணு வருஷம் ஆவுது. டூட்டி முடிஞ்சு வருவாரு, வெந்நீர் வெச்சிக் குடுப்பேன், குளிப்பாரு. நீயும் அடிப்பியான்னு எம் பொண்ணு கேட்டுச்சு பாருங்க, அத நான் ஒரு நாளும் கேட்டதில்ல."

வெளியே லாரி ஹாரன் அடித்தது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் கிளம்பினார்.